சைட்டில் எழுத, வரைய எந்த டேப்லெட் வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். குறிப்புகள் பாக்கெட் நோட்டிலும் ஏ3 பிரிண்ட்டிலும் செல்ஃபோன் போட்டோவிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கையால் எழுதி, ஸ்கெட்ச் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 45 ஆயிரத்துக்குள் ஐபேடா, சாம்சங்கா, இல்லை காகிதம் மாதிரித் தெரியும் இ-இங்க் டேப்லெட்டா? திரையில் ஒட்டும் பேப்பர் ஃபிலிம் தேவையா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். கேள்வி டேப்லெட்டைப் பற்றித்தான், ஆனால் விடையில் பாதிக்கு மேல் பேனாவில் இருக்கிறது. மீதி, எழுதின பக்கம் அப்புறம் எங்கே போகிறது என்பதில். பிராசஸர், ஸ்பீக்கர், கேமரா மெகாபிக்சல் எல்லாம் குறிப்பெடுக்கிற வேலைக்கு இந்த விலையில் கிடைக்கும் எந்த டேப்பிலும் போதுமான அளவு இருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட். டிராயிங் சரிபார்ப்பதும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பி பார்க்கப் போவதும்தான் பல வருடமாக வேலை, அதில் பெரும்பகுதி இப்போது டேப்பில்தான் நடக்கிறது. ஓவியம் வரைகிற ஆள் இல்லை. அதனால் பிரஷ், வண்ணம் தீட்டுவது பற்றி என் பேச்சை நம்பி எதையும் வாங்காதீர்கள். கோடு, அளவு, அம்புக்குறி, கையெழுத்து, இவற்றைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

பேனாவில் மூன்று வகை உண்டு. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைப் பேனாவை மறந்துவிடுங்கள், திரைக்கு அது இன்னொரு விரல்தான். இரண்டாவது வகையில் பேனாவே சிக்னல் அனுப்பும், திரையின் தொடு வலை அதைப் பிடித்து முனை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். ஆப்பிள் பென்சில், மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் பேனா, ஒன்பிளஸ், ஷாவோமி பேனாக்கள் இப்படித்தான். இவற்றுக்கு பேட்டரி வேண்டும். மூன்றாவது, ஜப்பானின் வேக்கம் நிறுவனம் வளர்த்தெடுத்த இ.எம்.ஆர். முறை. திரைக்குப் பின்னால் கம்பிச்சுருள் வலை ஒன்று மின்காந்தப் புலத்தை அனுப்பும், பேனாவுக்குள் இருக்கும் சிறிய சுருள் அந்தச் சக்தியையே வாங்கித் திருப்பி அனுப்பும். எழுதுவதற்கு பேட்டரியே வேண்டாம். 2011இல் வந்த முதல் கேலக்ஸி நோட் தொடங்கி சாம்சங்கின் எஸ் பென் இந்த முறையில்தான் எழுதுகிறது. இ-இங்க் டேப்லெட்டுகளான கிண்டில் ஸ்க்ரைபும் ரீமார்க்கபிள் 2உம் இதே இனம்.

இந்த வித்தியாசம் சைட்டில் எப்படித் தெரியும் என்றால், காலை எட்டு மணிக்கு சென்ட்ரிங் மேல் ஏறி நின்று எழுத ஆரம்பிக்கும்போது பேனாவில் சார்ஜ் இல்லை என்ற பிரச்சினை இ.எம்.ஆர். பேனாவில் வராது. ஆப்பிள் பென்சிலை மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் டிராயரில் விட்டால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி செத்துப்போக வாய்ப்பு உண்டு. அப்புறம் பேனா தொலையும். சைட்டில் தொலையாத பேனா கிடையாது. எஸ் பென்னுக்கு மாற்றாக ஸ்டெட்லர், லாமி போன்ற பழைய பேனா கம்பெனிகளே இ.எம்.ஆர். பேனா செய்கின்றன. ஆப்பிள் பக்கம் அசல் பென்சில் தொலைந்தால் செலவு கூட. இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் மற்ற கம்பெனிப் பேனாக்களும் இப்போதைய ஐபேடில் ஓடும், திரையில் கை பட்டாலும் தொந்தரவு இருக்காது. ஆனால் அழுத்தினால் கோடு தடிக்கிற வசதி அவற்றில் இருக்காது. இ.எம்.ஆருக்கும் ஒரு குறை உண்டு: காந்தம் ஆகாது. கண்ட காந்தக் கவரை மாட்டினால் காந்தம் இருக்கும் இடத்தில் கோடு வளையும், சில சமயம் விழவே விழாது.

கடையில் பார்க்கும்போது பெயரை எழுதிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வந்துவிடாதீர்கள். வேகமாக எழுதும்போது எல்லாப் பேனாவும் நல்ல பேனாதான். ஸ்கேல் ஒன்றை திரைமேல் சாய்வாக வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். படிக்கட்டின் வெய்ஸ்ட் ஸ்லாபை, அதாவது படிகளைத் தாங்கும் சாய்வான ஸ்லாபை, வரைகிற சாய்வும் வேகமும் இருக்கட்டும். தொடு வலையைக் கொண்டு கணக்கிடும் சில டேப்புகளில் அந்தக் கோடு நேராக வராது, பாம்பு மாதிரி நெளியும். வலையின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு முனை போகும் இடத்தில் கணக்கு தடுமாறுவதுதான் காரணம். ஆப்பிள் இதை நன்றாகவே சமாளித்திருக்கிறது. பழைய சர்ஃபேஸ்களிலும் விலை குறைந்த சில ஆண்ட்ராய்டுகளிலும் கண்ணுக்குத் தெரியும். இ.எம்.ஆரில் நடுப்பகுதி சுத்தமாக இருக்கும், சில மாடல்களில் திரையின் ஓரத்தில் முனைக்கும் கோட்டுக்கும் கொஞ்சம் விலகல் இருக்கும்.

இன்னொரு சோதனை தமிழில் எழுதுகிறவர்களுக்கு. ‘அப்பள்ளத்துக்குள்’ என்று உங்கள் வழக்கமான வேகத்தில் எழுதிப் பாருங்கள். ஐந்து புள்ளியும் விழுகின்றனவா என்று எண்ணுங்கள். நாம் புள்ளியை அழுத்தி வைப்பதில்லை, போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறோம். அந்த மெல்லிய தொடுதலைக் கவனிக்க, முனை கொஞ்சம் பட்டாலே பதிவு செய்கிற பேனா வேண்டும். மட்டமான பேனாக்கள் அதைத் தவறவிடும். ‘பள்ளம்’ என்று எழுதினால் புள்ளி விழாமல் ‘பளளம’ என்று நிற்கும், அதையாவது படித்துப் புரிந்துகொள்ளலாம். 2.5 என்று எழுதி நடுப்புள்ளி விழாமல் போனால் 25 ஆகிவிடும். அளவு எழுதுகிற வேலையில் எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. பேனாவின் அழுத்த நிலைகள் 4,096 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த எண் பெரிதாக இருப்பதால் புள்ளி விழும் என்று உத்தரவாதம் இல்லை. கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, உங்கள் பணத்துக்கு என்ன வரும்? ஏ16 சிப் உள்ள ஐபேட் 2025இல் 34,900 ரூபாய்க்கு வந்தது. அதில் பேனா சேராது. யு.எஸ்.பி.-சி ஆப்பிள் பென்சில் 7,900, முதல் தலைமுறைப் பென்சில் 9,500. இதில் ஒரு விசித்திரம்: விலை குறைந்த, புதிய யு.எஸ்.பி.-சி பென்சிலில் அழுத்தம் தெரியாது. 2015இல் வந்த பழைய பென்சிலில் தெரியும், ஆனால் அதை இந்த ஐபேடில் சார்ஜ் செய்ய நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும், அந்த அடாப்டரும் தொலையும். இந்த ஐபேடின் திரையும் ஏர், ப்ரோ மாடல்களைப் போலக் கண்ணாடியோடு ஒட்டப்பட்டதில்லை. முனைக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். எழுதுவதற்கு இரண்டு நாளில் பழகிவிடும், சின்ன டீடெய்ல் வரையும்போது உறுத்தும். சாம்சங் பக்கம் அதே வருடம் வந்த டேப் எஸ்10 எஃப்.இ. 42,999 ரூபாய், எஸ் பென் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நான் சொன்னது எல்லாம் அந்த வருடத்து விலை. பண்டிகைத் தள்ளுபடியில் மாறும். அதற்கு முந்தைய எஸ்9 எஃப்.இ. குறைந்த விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், உங்கள் வேலைக்கு அதுவே போதும். டேப் எஸ்6 லைட் இன்னும் மலிவு, அதிலும் பேனா உண்டு, ஆனால் தண்ணீர் தாங்காது. கவனம்: சாம்சங்கின் ஏ வரிசை, உதாரணத்துக்கு ஏ9, எஸ் பென்னை ஏற்காது. பெயர் பார்த்து ஏமாந்து வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டில் உங்களுக்கு எது என்று கேட்டால், நீங்கள் சைட்டில் இருக்கிற ஆள் என்பதால் எஸ்10 எஃப்.இ. அல்லது எஸ்9 எஃப்.இ. என்பேன். காரணம் பேனா மட்டுமில்லை. இரண்டுக்கும் ஐ.பி.68 தரச்சான்று உண்டு. அதில் 6 என்பது தூசி புகாது என்பதைக் குறிக்கிறது, 8 தண்ணீரை. நமக்கு சிமென்ட் தூசிதான் தினமும், மழை எப்போதாவது. ஐபேடுக்கு அப்படிச் சான்று எதுவும் ஆப்பிள் தருவதில்லை. திரையில் நாலு சொட்டு விழுந்தாலே விரல் தொடுதல் தாறுமாறாக வேலை செய்யும், எந்த டேப்பாக இருந்தாலும். இ.எம்.ஆர். பேனா தனி வலையில் வேலை செய்வதால் அந்த ஈரத்தைக் கண்டுகொள்ளாது, எழுதிக்கொண்டே போகலாம். கையுறை போட்டிருந்தாலும் அப்படித்தான். மாறாக உங்கள் வேலை பெரும்பாலும் ஆபீசுக்குள், கையில் ஐஃபோன், மேஜையில் மேக் என்று இருந்தால் ஐபேடுதான் சுகம். கான்செப்ட்ஸ் போல ஸ்கேல் வைத்து வரைகிற ஆப்புகளும் அதில்தான் மிகச் சரளமாக ஓடுகின்றன.

வெயில்தான் எல்லாருக்கும் பொது எதிரி. ஐபேடைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். வேலூரில், திருச்சியில் மே மாத மதியம் நாற்பதைத் தாண்டும், மொட்டை மாடி ஸ்லாபில் இன்னும் கூட. முதலில் திரை தானாக மங்கும், பிறகு வெப்ப எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். சாம்சங்கும் இதற்கு விலக்கில்லை. வெள்ளைப் பின்னணி, தடித்த கறுப்பு மை, முழு வெளிச்சம், உடம்பு நிழலில் திரை, இதைத் தாண்டி மந்திரம் கிடையாது. காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பேட்டரி உப்பும்.

வெயிலில் ஜெயிப்பது இ-இங்க் மட்டும்தான். எவ்வளவு வெயிலோ அவ்வளவு தெளிவு. கண் வலிக்காது, பேட்டரி நாள்கணக்கில் நிற்கும், எழுதும்போது முனை உரசுகிற சத்தமே சுகமாக இருக்கும். ரீமார்க்கபிள் 2 வெறும் 403 கிராம். இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். டிராயிங்கைப் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிதாக்கும்போது திரை ஒவ்வொரு தடவையும் கண்சிமிட்டிவிட்டு வரும், பொறுமை போய்விடும். கலர் இ-இங்கிலும் நிறம் வெளுத்துத்தான் தெரியும், சிவப்பு மார்க் பளிச்சென்று எழாது. ரீமார்க்கபிளிலும் கிண்டில் ஸ்க்ரைபிலும் கேமராவே இல்லை. மீட்டிங் குறிப்பும் ஐ.எஸ். கோட் (இந்தியத் தர விதிநூல்) படிப்பதும்தான் வேலை என்கிற சீனியர்களுக்கு அது அருமையான கருவி.

கேமரா ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். டேப்பில் நான் செய்கிற வேலைகளில் காகிதத்தால் முடியவே முடியாதது ஒன்றுதான், போட்டோ மேல் எழுதுவது. போன மாதம் ஒரு தூண்-பீம் சந்திப்பு. நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமான ஸ்டிரப்பின் கொக்கி 90 டிகிரியில் நின்றுவிட்டது. பூகம்பத்துக்கான ஐ.எஸ். 13920 கோட்படி அது 135 டிகிரி வளைந்து கான்கிரீட்டின் உள்பக்கமாகப் போக வேண்டும். அதை வார்த்தையில் எழுதினால் ஒரு பத்தி ஆகும், படித்தாலும் கம்பி கட்டுகிறவருக்குப் புரியாது. அங்கேயே போட்டோ எடுத்து, கொக்கியைச் சிவப்பில் சுழித்து, பக்கத்திலேயே அது எப்படி வளைய வேண்டும் என்று இரண்டு கோட்டில் வரைந்து, ‘இப்படி. எல்லாத் தூணிலும். பார்த்த பிறகுதான் கான்கிரீட்’ என்று எழுதி அனுப்பினேன். மேஸ்திரி செல்ஃபோனில் பார்த்தார், ஆள் வைத்து வளைத்துவிட்டார். நோட்டை ஸ்கேன் செய்து அனுப்புகிற வேலையும் இல்லை, எந்தத் தூண் என்ற சந்தேகமும் இல்லை. உங்கள் மூன்று இடச் சிதறலுக்கு மருந்து இதுதான்.

அளவு பற்றி ஒரு கணக்கு. 10.9 அங்குல ஐபேடின் திரை ஏறத்தாழ 227க்கு 158 மி.மீ. ஏ4 பக்கம் அதில் முக்கால் அளவுக்கு வரும், தாராளமாகப் படிக்கலாம். ஏ3 பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஏ1 டிராயிங் கால் பங்குக்குச் சற்று மேலே சுருங்கும், 2.5 மி.மீ. எழுத்து 0.7 மி.மீ.கூட இருக்காது. ஆக ஏ1 ஷீட்டை முழுசாகப் பார்க்க எந்த டேப்பும் உதவாது, பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். அதற்காக 13, 14 அங்குலம் வாங்கலாமா என்றால், ஏணியில் ஒரு கையால் பிடித்து ஏறுகிற பொருள் அது, வேண்டாம். முழு ஷீட்டும் ஒரே பார்வையில் வேண்டும் என்றால் பிரிண்ட்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது, எழுதின பக்கம் எங்கே போகிறது என்ற விஷயம். பேனாவுக்கு அடுத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாம்சங் நோட்ஸ் இலவசம், நல்ல ஆப், பி.டி.எஃப். திறந்து மேலே எழுதலாம். ஆனால் அது தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஐபேடின் குட்நோட்ஸும் அப்படியே. நீங்கள் டேப்பை மாற்றினால், அல்லது ஆப் தன் கட்டண முறையை மாற்றினால், குறிப்பு உள்ளே சிக்கிக்கொள்ளும். 2021இல் நோட்டபிலிட்டி என்ற குறிப்பு ஆப் ஒரே தடவைக் கட்டணத்திலிருந்து சந்தாவுக்கு மாறியபோது பெரிய ரகளை ஆகி, ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு வசதிகளைத் திருப்பித் தந்தது. எனவே வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி வெளியே எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள், சைட் பெயர் என்ற வரிசையில் விசைப்பலகையில் தட்டச்சு செய்யுங்கள், அப்போதுதான் வரிசையாக நிற்கும். ஒன்நோட் மீட்டிங்குக்கு நல்லது, ஆனால் அதன் எல்லையில்லாப் பக்கம் ஏ4 ஆக வெட்டும்போது ஸ்கெட்ச் நடுவில் இரண்டாகும். டிராயிங் மார்க் செய்ய எக்ஸோடோ மாதிரி பி.டி.எஃப். குறிப்புகளை எல்லா மென்பொருளும் படிக்கிற வடிவில் சேமிக்கும் ஆப் எடுங்கள். ஆர்க்கிடெக்ட் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுதலாம். எல்லாம் முடிந்த பிறகு பதிவுக்கு வைக்கும் பிரதியை மட்டும் குறிப்பும் பக்கமும் ஒன்றாகும்படி ஒட்டிச் சேமியுங்கள். கிளையன்ட் டிராயிங்கை உங்கள் சொந்த கிளவுட் கணக்கில் ஏற்றுவதற்கு முன்னால் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கையெழுத்தைத் தேடும் வசதியை நம்பி வாங்கலாமா? ஆங்கிலத்தில், ஓரளவு ஒழுங்காக எழுதினால், நன்றாகவே கண்டுபிடிக்கிறது. தமிழ்க் கையெழுத்தை எழுத்தாக மாற்ற கூகுளின் ஜிபோர்டில் கையெழுத்து விசைப்பலகை இருக்கிறது, நிதானமாக எழுதினால் வியக்கும்படி வேலை செய்யும். ஆனால் நாம் சைட்டில் எழுதுவது சுத்தத் தமிழா? ‘2வது ஃப்ளோர் பீம் பி12 கவர் பத்தாது’ என்று தமிழும் ஆங்கிலமும் எண்ணும் கலந்து கிறுக்குகிறோம். அதில் எந்த ஆப்பும் நம்பும்படி தேடித் தராது என்பதே என் அனுபவம். அதனால்தான் கோப்புப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். கையால் எழுதினால் நன்றாக நினைவில் நிற்கும் என்பதும் இதே மாதிரி பாதி நிச்சயம்தான். 2014இல் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு மடிக்கணினிக் குறிப்பைவிடக் கைக்குறிப்பே மேல் என்றது, 2021இல் அதே சோதனையை மறுபடி செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஸ்கெட்ச் போட வேண்டும் என்பதே கைக்குறிப்புக்குப் போதுமான காரணம்.

டேப் வந்ததும் நோட்டுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரசு வேலை என்றால் அளவுகளைப் பதியும் எம் புக்கும், எந்த வேலையானாலும் சைட்டில் தரும் உத்தரவுகளை எழுதும் சைட் ஆர்டர் புக்கும் அந்தந்த ஒப்பந்தம் சொல்கிற வடிவில்தான் இருக்க வேண்டும். டேப் திரையில் பேனாவால் போட்ட கையெழுத்து, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிற மின்னணுக் கையொப்பம் ஆகாது. அது வழக்கில் எவ்வளவு எடை பெறும் என்பது வக்கீல் சொல்ல வேண்டிய விஷயம், நான் சொல்லக் கூடாது. தகராறு வரக்கூடிய உத்தரவை டேப்பில் வரைந்து, மின்னஞ்சலில் அனுப்பி, ஆர்டர் புக்கிலும் ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிவிடுவது என் வழக்கம்.

சின்னதாக இரண்டு. 128 ஜி.பி. போதும். சிம் போடுகிற மாடலுக்குக் கூடுதல் பணம் வேண்டாம், செல்ஃபோன் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. ஆனால் வைஃபை ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது, போட்டோவில் இடக்குறிப்பு கட்டாயம் என்று உங்கள் நிறுவனம் கேட்டால் மட்டும் இதை யோசியுங்கள்.

பேப்பர் ஃபிலிம் விஷயம்: உடனே ஒட்டாதீர்கள். அந்தச் சொரசொரப்பு எழுத இதமாக இருக்கும், கோடு வழுக்காது. ஆனால் அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் திரை கொஞ்சம் மங்கலாகும், டிராயிங்கின் மெல்லிய கோடுகளும் சன்னமான எழுத்தும் அடிபடும். முனையும் வேகமாகத் தேயும். எஸ் பென்னின் முனை ஆப்பிள் முனையைவிட மென்மையாக இருப்பதால் வெறும் கண்ணாடியிலேயே வழுக்கல் குறைவு. ஒரு மாதம் அப்படியே எழுதிப் பாருங்கள். அப்போதும் கை வழுக்கினால், மலிவான ஃபிலிம் ஒன்றை வாங்கி ஒட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். மாற்று முனைகள் நாலைந்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.